கார்க் கண்காட்சி: படம் 140, சுவர் 66 அடி, ஆணி அடிக்க ஏலாது

வாவிக்கரை:

மார்கழி விடுமுறையில் மட்டக்களப்பு நகருக்குள் ஒரு பொதுக் காட்சிக்கூடத்தில் பிள்ளைகளுக்கான சித்திரக் கண்காட்சி, ஐந்து நாள். தலைப்பு கார். 5 வயது தொடக்கம் 14 வயது வரையான பிள்ளைகளின் படங்கள் 140, எல்லாம் ஏ3 அளவு. முக்கால்வாசி பேஸ்டல், மிச்சம் போஸ்டர் கலரும் பிளாட்டிகனமும் (ஃபெல்ட் பேனை). இதோடு காட்போட்டில் செய்த கார்கள் 30.

மண்டபம் 40க்கு 24 அடி. கதவு, யன்னல் போக படம் வைக்கக்கூடிய சுவர் 66 அடிதான். எமல்ஷன் பூசிய சுவர், ஆணி அடிக்க அனுமதி இல்லை. மேற்குப் பக்கம் மூன்று பெரிய யன்னல். வாசல் இரட்டைக் கதவு, இரண்டையும் திறந்தால் சரியாக 5 அடி.

ஆணி இல்லாமல் 140 படத்தையும் எப்படி நிறுத்துவது? பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றை ஐந்து நாளைக்குத் தர ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அதை உள்ளே கொண்டுவருவது சரிவருமா? வருகிற பிள்ளைகள் பார்த்துவிட்டு மட்டும் போகாமல் கையால் ஏதும் செய்ய வைக்க என்ன வழி? இன்னொன்று, படங்களில் 20க்கு மேல் ‘பறக்கும் கார்’. எல்லாம் ஒரே அச்சு. அதை என்ன செய்வது?


ஓடாவி_கல்முனை:

டேப் எண்ணம் இருந்தால் இப்பவே விட்டுவிடுங்கள். மார்கழி ஈரத்தில் எமல்ஷன் சுவரில் ஒட்டிய டபுள் டேப்பில் பாதி விடிவதற்குள் கழன்று கிடக்கும். கழலாத பாதி, எடுக்கும்போது பெயின்டையும் உரித்துக்கொண்டு வரும். முதலாவது படத்துக்குக் கேடு, இரண்டாவது மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்துக்குக் கேடு.

சுவருக்குச் சாய்வுச் சட்டம் போடுங்கள். 2க்கு 1 அங்குல ரீப்பையில் (ஒடுக்கமான மரச்சட்டம்) 8 அடி நீளக் குறுக்குச் சட்டம் ஒன்று, தாங்க இரண்டு கால். சட்டத்தின் மேல்விளிம்பு நிலத்திலிருந்து 4 அடி 4 அங்குலம். காலடியைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி வைத்தால் தன் பாட்டில் சுவரில் சாய்ந்து நிற்கும். கால் வழுக்காமல் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டுங்கள், சட்டம் சுவரில் முட்டுகிற இடத்திலும் ஒன்று, சுவரில் கீறல் விழாது. 66 அடிக்கு இப்படி 8 சட்டம். படத்துக்கு இரண்டு உடுப்புக் கிளிப். ஒரு படத்துக்கு 50 செ.மீ. கணக்கு வைத்தால் சுவரில் 40 படம் அடங்கும்.

தங்கூசியில் (மீன்பிடி நைலோன் நூல்) கோத்துக் கட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். மேலிருந்து கீழாகத் தொங்கவிட தங்கூசி நல்லது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் சுவரின் நீளத்துக்குக் கிடையாகக் கட்டினால் நைலோன் மெல்ல மெல்ல இழுபடும். கட்டும்போது வீணைத் தந்தி மாதிரி இருக்கும், அடுத்த நாள் நடுவில் தொய்ந்து எல்லாப் படமும் நடுவுக்கு வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கிடையாகக் கட்டத்தான் வேண்டுமென்றால் ஜிஐ கம்பி (நாகம் பூசிய இரும்புக் கம்பி).

மிச்சம் 100 படத்துக்கு 8க்கு 4 அடி பிளைவுட் ஐந்து, 4 மி.மீ. தடிப்புப் போதும், பின்னால் ரீப்பைச் சட்டம் அடித்து. எல்லாரும் பலகையை நிமிர்த்தி நிறுத்துவார்கள், நீங்கள் படுக்கவைத்து நிறுத்துங்கள்: அகலம் 8 அடி, உயரம் 4 அடி, கீழே 1 அடிக் கால். ஒரு வரிசைக்கு 5 படம், இரண்டு வரிசை, இரண்டு பக்கம். அப்போ ஒரு பலகைக்கு 20, ஐந்துக்கு 100. சட்டம் தெரியும் பக்கத்தைக் காடாத் துணியால் மூடி அதன் மேல் கிளிப் பண்ணலாம்.

இந்தப் பலகை ஒன்று 13, 14 கிலோ வரும். பிள்ளைகள் சாய்வார்கள், கட்டாயம் சாய்வார்கள். தனித்தனியாகக் கால் வைத்து நிறுத்தினால் விழும். 3 அங்குலப் பிணைச்சல் (கீல்) இரண்டு போட்டு ஒன்றோடொன்று வளைத்து வளைத்து நிறுத்துங்கள், மூன்று ஒரு தொடர், இரண்டு ஒரு தொடர். ஊசியை உருவக்கூடிய பிணைச்சல் எடுத்தால் கழற்றி லொறியில் ஏற்றச் சுகம். மூலை 110 பாகை அளவில் இருக்கட்டும். யாராவது தள்ளி 150ஐத் தாண்டினால் பலகை நேராகிச் சாய்ந்துவிடும், அதனால் கால்களுக்கு இடையே அடியில் கயிறு கட்டி அதற்குமேல் விரியாமல் பண்ண வேண்டும். பிணைச்சல் இடைவெளியில் சின்னவர்கள் விரல் விடுவார்கள். அதை ஒரு துணிப்பட்டியால் மூடுங்கள்.

இந்த வளைவில் மூன்று பலகைத் தொடர் கிட்டத்தட்ட 20 அடி நீளம் எடுக்கும், இரண்டு பலகை 13 அடி, ஆழம் நாலரை அடி. நடுவில் நீளவாக்கில் வைத்தால் இரண்டு பக்கமும் 9 அடிக்கு மேல் நடைபாதை மிஞ்சும். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வேண்டும், தாராளம்.


கோடும்_நிறமும்:

ஓடாவி சொன்ன படுக்கைப் பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் தச்சு வேலையை விடப் பெரியது. பெரியவர்களுக்கான காட்சியில் படத்தின் நடுப்புள்ளி 145 தொடக்கம் 155 செ.மீ. உயரத்தில் இருக்கும். 5 வயதுப் பிள்ளையின் முழு உயரமே 110 செ.மீ. அளவுதான், கண் 100க்குக் கீழே. 150இல் மாட்டிய படம் அந்தப் பிள்ளைக்குக் கூரை. கீழ்வரிசையின் நடு 75, மேல்வரிசையின் நடு 115. பெரியவர்கள் குனியட்டும், ஐந்து நாள்தானே.

பின் அட்டை: ஒரு முழு பிரிஸ்டல் போட்டில் 46க்கு 34 செ.மீ. துண்டு இரண்டு வரும். ஏ3 படத்துக்கு நாலு பக்கமும் ஏறத்தாழ 2 செ.மீ. ஓரம். 140க்கு 70 தாள், கைபிழைக்கு 5 கூட. எல்லாம் ஒரே நிறம், வெளிர் சாம்பல் என்றால் மிக நல்லது. கடும் மஞ்சளும் சிவப்பும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் படத்தை விட அட்டைதான் முன்னுக்கு நிற்கும்.

ஒட்டும்போது படத்தின் முதுகு முழுவதும் கம் பூசாதீர்கள். ஈரம் ஏறும்போது படத்தாள் ஒரு அளவில் விரியும், அட்டை இன்னொரு அளவில் விரியும், முழுதாக ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஓடு மாதிரி வளையும். மேல் இரண்டு மூலையில் மட்டும் ஒரு ரூபாய்க் காசளவு பைண்டர் கம் (வெள்ளைப் பசை). கீழ்ப்பக்கம் சும்மா இருக்கட்டும். காட்சி முடிந்து படத்தைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கவும் அப்போதுதான் முடியும்.

லெமினேட் பண்ணலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வேண்டாம். லெமினேட் மெசின் உருளையின் சூட்டில் பேஸ்டலின் மெழுகு உருகி நிறம் பரவும். தப்பிப் பிழைத்தாலும் யன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கும், படம் தெரியாது. பொலித்தீன் உறையும் வேண்டாம். போஸ்டர் கலர் மார்கழியில் பிசுபிசுக்கும், பொலித்தீனில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது நிறம் அதோடு போகும். கொண்டு போகும்போது படத்துக்கிடையே பட்டர் பேப்பர் வையுங்கள், ஒயில் பேஸ்டல் காய்கிற சாமானே இல்லை, எப்போதும் பூசிக்கொள்ளும்.

மேற்கு யன்னல்: மழைக்கு நடுவே பின்னேரம் வெயில் எறித்தால் நேரே உள்ளே வரும். பிளாட்டிகனம் சாயம், வெயிலில் வெளிறும். அவற்றை மேற்குச் சுவரிலேயே, யன்னல்களுக்கு இடையில் வையுங்கள், அங்கே நேர்வெயில் விழாது. யன்னலுக்கு முன்னால் படப்பலகை வைக்காதீர்கள், பின்னால் வெளிச்சம் இருந்தால் படம் இருண்டு போகும். அந்த இடம் காட்போட் கார்களுக்கு. வெள்ளைக் காடாத் துணியை யன்னலில் கட்டி, முன்னால் வாங்கு போட்டு வரிசையாக நிறுத்தினால் 30 காரும் நிழலுருவாகத் தெரியும். பிள்ளைகள் உருவத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வயதுப்பிரிவாகப் பிரிக்காதீர்கள். பிரித்தால் போட்டி முடிவு மாதிரி ஆகிவிடும், பெற்றோர் ‘எங்கட பிள்ளையை விட அது வடிவு’ என்று அளந்துகொண்டு நிற்பார்கள். சில்லு, முகம், உள்பக்கம், வீதி என்று பொருளால் பிரியுங்கள். முகம் என்றால் இரண்டு விளக்கும் கிறிலும் சேர்ந்து கண்ணும் வாயுமாக வருகிற படங்கள். உள்பக்கம் என்றால் கதவு மூடியிருந்தும் உள்ளே இருக்கிற ஆட்கள், சீட், பெட்டி எல்லாம் தெரிகிற படங்கள், எக்ஸ்ரே மாதிரி. 5, 6 வயதில் அப்படித்தான் கீறுவார்கள். அது பிழையல்ல, தெரிந்ததைக் கீறுகிற வயது. அந்தப் படங்களில் எந்த ஆசிரியராவது பின்னால் கதவுக் கோடு போட்டு ‘திருத்தி’ இருந்தால் உடனே தெரியும்.

பறக்கும் கார்கள் 20ஐயும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவினால் ஒரே அச்சு என்பது ஒவ்வொரு தடவையும் உறுத்தும். ஒரே பலகையில் இடைவெளி இல்லாமல் நெருக்கி வையுங்கள். 20 ஒன்றாக நின்றால் வானம் முழுக்க நெரிசல், பார்க்க ஒரு வேடிக்கை. அச்சு ஒன்றாக இருப்பதே அங்கே பலமாகிவிடும்.

பெயர்ச்சீட்டில் பெயர், வயது, எதனால் கீறியது, அவ்வளவுதான். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது, சின்னவர்கள் எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். பாடசாலைப் பெயரும் முழுப்பெயரும் முகமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்து முகநூலில் போட விடாதீர்கள். அம்பாறைப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள், தலைப்புப் பலகைகளாவது தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.


பழைய_எஞ்சின்:

மொரிஸ் மைனர் அந்த வாசலால் போகாது. அகலம் 5 அடி 1 அங்குலம், உங்கள் கதவு 5 அடி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் முதலில் வடிவமைத்தபோது அதன் அகலம் 4 அடி 9 அங்குலம்தான். தயாரிப்புக்குப் போகிற தறுவாயில் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று நடுவால் அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளிப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார்கள். பொனட்டின் நடுவே முன்னிருந்து பின்வரை ஒரு தட்டையான பட்டி ஓடும், கவனித்திருப்பீர்கள். அது அந்த 4 அங்குலம். அந்தப் பட்டி இல்லாவிட்டால் கார் உங்கள் மண்டபத்துக்குள் போயிருக்கும்.

ஒஸ்டின் மினி என்றால் 4 அடி 8 அங்குலத்துக்குள், போகும். வொக்ஸ்வேகன் பீட்டில் 5 அடியை அரை அங்குலத்தால் தாண்டும். ஓட்டோ 4 அடி 3 அங்குலம், தாராளமாகப் போகும். ஆனால் என்னைக் கேட்டால் எதையும் உள்ளே ஏற்ற வேண்டாம். 40க்கு 24 மண்டபத்தில் ஒரு கார் வந்தால் படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், எல்லாப் பிள்ளையும் காரைச் சுற்றித்தான். டைல்ஸ் வெடிக்கிற பயம், எண்ணெய்ச் சொட்டு, பெற்றோல் மணம் வேறு.

வாசலுக்கு வெளியே போர்ட்டிக்கோவில் நிறுத்துங்கள். அங்கே அது ஒரு மாதிரிப் பொருள், பிள்ளைகள் இருந்து கீற. ஆனால் இதெல்லாம் செய்தாக வேண்டும்: பற்றரியில் காரின் பொடியோடு பிணைத்த எர்த் முனையைக் கழற்றுங்கள், திறப்பு உரிமையாளரிடம் இருக்கட்டும். கியரில் விட்டு, நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை, ஹேன்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். கதவு, டிக்கி எல்லாம் பூட்டு. சின்னப் பிள்ளை உள்ளே ஏறி மூடிக்கொண்டால் சூட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொனட் மூடியே இருக்கட்டும், அதைத் தாங்குகிற கம்பி தட்டுப்பட்டால் மூடி கையில் விழும். எஞ்சினுக்கு அடியில் மணல் போட்ட தட்டு, பழைய எஞ்சின் எது என்றாலும் சொட்டும். 3 அடி தள்ளிச் சோக்கால் ஒரு கோடு.

கீறுகிறவர்கள் 12 அடிக்குக் கிட்ட இருக்கக் கூடாது. கிட்ட இருந்தால் கண் முழுக் காரையும் ஒரே பார்வையில் பிடிக்காது, முன்பக்கம் பெருத்து, பின்பக்கம் தாளுக்கு வெளியே போய்விடும்.

உதிரிப்பாகம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். பிஸ்டன், வால்வு, ஸ்பார்க் பிளக், பியரிங், கியர்ச் சில்லு. மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சவர்க்காரத்தில் கழுவி, காயவிட்டு வையுங்கள், பழைய எஞ்சின் ஒயில் தோலுக்குக் கூடாது. இவை மட்டும் வேண்டவே வேண்டாம்: பழைய பிரேக் ட்ரம், பிரேக் சூ, கிளச் தட்டு, இவற்றின் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பற்றரி. எயார்பேக் உள்ள ஸ்டியரிங், அதற்குள் வெடிமருந்து இருக்கிறது, காரிலிருந்து கழற்றிய பிறகும் அது உயிரோடுதான். ஸ்டியரிங் ஒன்று பிடித்துச் சுழற்ற வைக்க விருப்பமென்றால் எயார்பேக் வருவதற்கு முந்தைய பழையது எடுங்கள்.


வாவிக்கரை:

ஓடாவி, சேர், எல்லாருக்கும் நன்றி. காரை வெளியேயே நிறுத்துவோம். அந்த 4 அங்குலப் பட்டியைப் பிள்ளைகளிடமே கண்டுபிடிக்கச் சொல்லலாம் போல.

இன்னும் இரண்டு கேள்வி. வந்த காட்போட் கார்களில் பாதிக்குமேல் உருளவில்லை, சில்லு இறுகி நிற்கிறது. திருத்தலாமா, அப்படியே விடவா? மற்றது, கையால் செய்கிற வேலைக்கு ஒரு தடவையில் 30 பிள்ளைகள் வரை வருவார்கள், அரை மணித்தியாலம்தான் இருக்கும்.


டின்மீன்_கார்:

உருளாத காரில் நாலு கோளாறில் ஒன்று இருக்கும். தள்ளிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

சில்லு அசையவே இல்லை என்றால் அச்சுக்குள் கம் போயிருக்கும். அச்சுக் குச்சியை நேரே காட்போட்டில் ஒட்டியிருப்பார்கள். குளிர்பானம் உறிஞ்சுகிற ஸ்ட்ரோவைத்தான் அடியில் ஒட்ட வேண்டும், குச்சி ஸ்ட்ரோவுக்குள்ளே சும்மா சுழல வேண்டும். சில்லு குச்சியோடு இறுகி இருக்கட்டும், குச்சி ஸ்ட்ரோவில் தளர்ந்து இருக்கட்டும். பிள்ளைகள் இதை மாறிச் செய்துவிடுவார்கள்.

கொஞ்சம் உருண்டு நின்றால் சில்லின் உள்முகம் பெட்டியில் உரசுகிறது. ஸ்ட்ரோவில் அரை செ.மீ. வெட்டிச் சில்லுக்கும் பெட்டிக்கும் இடையில் குச்சியில் கோத்துவிடுங்கள், தீர்ந்தது. இந்தத் துண்டு இல்லாததுதான் கூடுதலான கார்களுக்கு வருத்தம்.

ஒரு பக்கமாக வளைந்து போனால் முன் அச்சும் பின் அச்சும் சமாந்தரமாக இல்லை. ஸ்ட்ரோ ஒட்ட முன்னர் அடிப்பெட்டியில் அடிமட்டத்தால் இரண்டு கோடு கீறியிருக்க வேண்டும். துள்ளித் துள்ளிப் போனால் சில்லின் துளை நடுவில் இல்லை. போத்தல் மூடியில் நடுவைக் கண்ணால் பிடித்துக் குத்துவார்கள், 2 மி.மீ. விலகினாலே துள்ளும். மூடியைத் தாளில் வைத்து வட்டம் கீறி, அந்தத் தாள் வட்டத்தை நாலாக மடித்தால் மடிப்பு வெட்டுகிற இடம் நடு. அதை மூடிமேல் வைத்துக் குத்துங்கள்.

திருத்தலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் திருத்த வேண்டாம். ஒரு மேசை, கத்தரிக்கோல், ஸ்ட்ரோத் துண்டுகள், குச்சி, மேலே ‘சேவிஸ் ஸ்டேசன்’ என்று பலகை. காரைச் செய்த பிள்ளையே வந்து திருத்தட்டும். கையால் செய்கிற வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

சில்லுக்கு மூடி கிடைக்காதவர்களுக்குப் பழைய ரப்பர்ச் செருப்பு இருக்கிறதே. தேய்ந்த செருப்பில் 4 செ.மீ. வட்டம் வெட்டினால் டைல்ஸில் சத்தமில்லாமல் போகும் அருமையான சில்லு. டின்மீன் டின்னில் கார் செய்தால் வெட்டு விளிம்பை உள்ளே மடித்து அடித்து மேலே மாஸ்கிங் டேப் ஒட்டியே மேசைக்கு வர வேண்டும். யாராவது பெரியவரைக் கொண்டு நுங்குக் கோம்பை வண்டில் ஒன்று செய்து வையுங்கள், இரண்டு கோம்பை, இடையில் ஒரு தடி, தள்ள ஒரு கவட்டைத் தடி. இரண்டு சில்லும் ஒரு அச்சும் என்றால் என்ன என்று அதைவிடச் சுருக்கமாக எதுவும் காட்டாது. மார்கழியில் நுங்கு கிடைக்காது, போன காலத்துக் கோம்பை காய்ந்தது எங்கேயாவது வேலியோரத்தில் கிடக்கும்.

30 பேருக்கு அரை மணித்தியாலத்துக்கு டயர் அச்சு நல்ல வேலை. ரொபர்ட் ரவுஷன்பர்க் என்ற அமெரிக்க ஓவியர் 1953இல் செய்தது: 20 தாளை நீளமாக ஒட்டி வீதியில் விரித்து, நண்பரான இசையமைப்பாளர் ஜோன் கேஜிடம், கேஜின் ஃபோர்ட் மொடல் ஏ காரை அதன்மேல் மெதுவாக ஓட்டச் சொன்னார். ஒரு டயருக்குக் கறுப்புப் பெயின்ட். 22 அடி நீளத்துக்கு ஒரு டயர் கோடு, அதுதான் படம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுச் சின்ன அளவில் செய்ய விடுங்கள்.

பிரவுன் பேப்பர் 20 அடி நிலத்தில், ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி. பழைய சைக்கிள் டயரை 4 அங்குலத் துண்டுகளாக வெட்டி ரீப்பைத் துண்டில் ஆணியடித்தால் கையில் பிடிக்கிற முத்திரை. ஆணித்தலை பள்ளத்துக்குள் அமிழ வேண்டும். அதோடு டயரில் வேறு வேறு பூ (டயர் முகத்து வரிவடிவம்) விழுந்த விளையாட்டுக் கார்கள் பத்து. கறுப்புப் போஸ்டர் கலர் 250 மி.லீ. 30 பேருக்குக் காணும், கெட்டித் தயிர்ப் பதத்தில், ஒரு மேசைக்கரண்டி பைண்டர் கம் கலந்து. கம் இல்லாவிட்டால் காய்ந்தபின் கையோடு பொடியாக வரும். தண்ணீர் கூடினால் டயரின் பள்ளமும் நிறைந்து வெறும் கறுப்புப் பட்டி விழும், பூ தெரியாது. கலரைத் தட்டில் ஊற்றாதீர்கள், ஈர ஸ்பொன்ச்சில் தடவி டயரை ஸ்பொன்ச்சில் ஒற்றச் சொல்லுங்கள். முதல் ஒற்று பழைய பத்திரிகையில், இரண்டாவது ஒற்றுத்தான் தாளில், அதுதான் துலக்கமாக விழும்.

15 பேர் ஒரு பக்கமிருந்து 15 பேர் மறுபக்கமிருந்து, நடுவில் சந்திக்கும்படி. 12 நிமிசத்தில் தாள் நிறைந்துவிடும். மிச்ச நேரம் கை கழுவ. வாளி இரண்டு, துடைக்கத் துணி, வாசலில் சாக்கு. கழுவுகிற இடத்தை யோசிக்காமல் தொடங்கினால் கறுப்புக் கை நேரே எமல்ஷன் சுவருக்குத்தான் போகும்.


கோடும்_நிறமும்:

டயர் அச்சு நல்ல யோசனை, ஆனால் பேஸ்டல் படங்கள் நிற்கிற இடத்திலிருந்து தள்ளி, வாசலடியில். ஈரத்தாளை உள்ளே காயப்போட வேண்டாம், மார்கழியில் அது அடுத்த நாளும் ஈரமாகத்தான் கிடக்கும். போர்ட்டிக்கோவில் ஒரு கொடி, உடுப்புக் கிளிப்.

5, 6 வயதுக்கு இன்னொரு மேசை: காரின் பக்கவாட்டு வெளிக்கோடு மட்டும் அச்சடித்த ஏ4 தாள், உள்ளே நிரப்ப. வெறுமனே ‘நிறம் தீட்டு’ என்றால் சிவப்புக் கார் 30 வரும். பிஎம்டபிள்யூ நிறுவனம் 1975இலிருந்து ஓவியர்களைக் கொண்டு காருக்கு மேலே சித்திரம் எழுதுவிக்கிறது. முதல் கார் அலெக்ஸாண்டர் கால்டருடையது. 1979இல் அன்டி வோர்ஹோல் 28 நிமிசத்தில் தானே தூரிகையால் பூசி முடித்தார். 1991இல் தென்னாபிரிக்காவின் எஸ்தர் மஹ்லங்கு, தன் ந்டெபெலே இனத்துப் பெண்கள் வீட்டுச் சுவரில் எழுதுகிற கோலங்களைக் காரில் எழுதினார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இந்தக் கடைசி ஆளைத்தான். பிறகு கேளுங்கள்: உங்கட வீட்டில் என்ன கோலம் இருக்கு? மேசையில் மருதமுனைக் கைத்தறித் துண்டு ஒன்று, பன்பாய்த் துண்டு ஒன்று, கூத்துக் கரப்புடுப்பின் (கூத்தாடுபவர் போடும் வளையம் வைத்த உடுப்பு) கரையைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று. பார்த்துக் கீறச் சொல்ல வேண்டாம், மேசையில் கிடக்கட்டும், கண் தானாகப் போகும்.

பெரிய பிள்ளைகளுக்குச் சில்லு வைப்பதில்தான் பிழை. பக்கவாட்டில் பார்த்தால் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் அதே சில்லில் ஏறத்தாழ மூன்று அடங்கும். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள், வெளியே கார் நிற்கிறதே. அளந்ததும் முதல் கேட்கிற கேள்வி, ‘அப்ப என்ட கார் ஏன் பெட்டி மாதிரி நிக்குது?’

பறக்கும் கார் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள் ஒட்டி, ‘வாவியில் ஓடும் கார்’ என்று தலைப்பு மட்டும் போடுங்கள். பிள்ளைகளின் பறக்கும் கார் கற்பனை, மிதக்கும் கார் நடந்தது: மேற்கு ஜேர்மனியில் 1960களில் அம்ஃபிகார் என்று 3,878 கார் செய்தார்கள், பின்னால் இரண்டு விசிறி, தண்ணீரில் மணிக்கு 7 மைல். தண்ணீருக்குள் திருப்பத் தனிச் சுக்கான் கிடையாது, முன்சில்லு இரண்டும்தான் சுக்கான். வாவிக்கு மேலே கல்லடிப் பாலத்தில் போகிற பிள்ளைக்கு இது போதும், பறக்கிற வேலைக்கே போகாது.


பழைய_எஞ்சின்:

ஒன்றை விட்டுவிட்டேன். உதிரிப்பாக மேசையில் எயார் ஃபில்டர் ஒன்று வையுங்கள், புதியது. பழையதில் வீதித் தூசி முழுக்க இருக்கும். பக்கத்தில் இன்னொன்றைச் சட்டம் வெட்டி விரித்து வையுங்கள். 40 மடிப்பு, ஒரு மடிப்பு 2 அங்குல ஆழம் என்றால் விரித்த தாள் 160 அங்குலம், 13 அடிக்கு மேல். சாப்பாட்டுப் பெட்டி அளவுச் சாமானுக்குள் 13 அடித் தாள். தாள் மடிக்கிற வேலைக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.

உண்மையான சில்லு ஒன்று வைப்பதென்றால் றிம்மின் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் குத்தியோ ஒட்டியோ இருக்கும், சில்லுச் சமநிலைக்குப் போடுவது. பழையவை ஈயம். குறடால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பிள்ளைகளின் கை எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். மொரிஸின் பெயின்ட் எங்காவது செதில் விட்டிருந்தால் அங்கே அரத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்டிலும் ஈயம் இருக்கும். அந்த இடத்துக்குமேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் காணும்.


வாவிக்கரை:

குறித்துக்கொண்டேன். ஓடாவி, பலகைக்கு 4 மி.மீ. பிளைவுட் ஐந்து, சாய்வுச் சட்டத்துக்கும் பலகைச் சட்டத்துக்கும் சேர்த்து ரீப்பை எத்தனை அடி எடுக்க வேண்டும்?


ஓடாவி_கல்முனை:

சாய்வுச் சட்டம் ஒன்றுக்கு 8 அடியும் நாலரை அடிக் கால் இரண்டும், 17 அடி. எட்டுக்கு 136. பலகை ஒன்றுக்குச் சுற்றுவர 24 அடி, நடுவில் 4 அடித் தாங்கல் ஒன்று, கால் நீட்டுக்கு இன்னும் 2 அடி, மொத்தம் 30. ஐந்துக்கு 150. கூட்டினால் 286, வெட்டுக் கழிவோடு 320 அடி கேளுங்கள். மழைக்காலத்தில் அரிமர ஆலையில் பச்சை மரம்தான் தருவார்கள், ஒரு வாரத்துக்கு முன்னாலேயே எடுத்து, கட்டையின் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, நிழலில் காயவிடுங்கள். பச்சையாக அடித்தால் மூன்றாம் நாள் பலகை முறுகும், பிணைச்சல் ஊசி வெளியே வராது.